சிறகில்லா ஈ

பல்லியின் வால் அறுந்தால் மறுபடி முளைக்கிறது; மனிதனுடைய விரல் போனால் போனதுதான். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குக் காலையில் வேலைக்குச் செல்லும் கூட்டத்தில், யந்திரத்துக்கு விரலைப் பலி கொடுத்தவர் ஒருவரையேனும் திருவள்ளூர் ஜில்லாவாசிகள் அறிந்திருப்பார்கள். பல்லிக்கு வாய்த்த பாக்கியம் நமக்கு ஏன் வாய்க்கவில்லை?

இதற்கு விடை தேடும் விஞ்ஞானிகளுக்கு உற்ற துணையாய் இருப்பது, நம் வீட்டு வாழைப்பழத்தை மொய்க்கிறதே, அந்த அற்பமான பழ ஈதான்! முட்டையிட்டுப் பத்தே நாட்களில் புது ஈ வெளிவந்துவிடும். ஆகையால் பல தலைமுறைகளை ஒரே வருஷத்தில் பார்த்துவிடலாம். பரம்பரைக் குணங்களைச் சுமக்கும் ஜீன்களை இந்த ஈயின் மூலம் ஆராய்ந்தே, அமெரிக்கரான தாமஸ் ஹண்ட் மார்கன் 1933-ல் நோபல் பரிசு பெற்றார்.

இக்கதையில் பாரத நாட்டுக்கும் கௌரவமான பங்கு உண்டு. புது டில்லி இந்திய விவசாய ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஆர். பி. சர்மா, சிறகு முளைக்காத பழ ஈக்களைப் பற்றி 1973-ல் உலகுக்கு அறிவித்தார். 1976-ல் வி. எல். சோப்ராவுடன் சேர்ந்து அதை விரிவாக விளக்கினார். ஒரு ஜீன் பழுதுபட்டதே காரணம். அந்த ஜீனுக்கு 'விங்லெஸ்', அதாவது 'சிறகில்லாதது' என்று பெயராயிற்று.

பின்னர் ஓர் ஆச்சரியம் நிகழ்ந்தது. சுண்டெலியின் மார்பகப் புற்றுநோயில் சம்பந்தப்பட்ட ஒரு ஜீனை ரோயல் நஸ்ஸே, ஹரால்ட் வார்மஸ் என்னும் இருவர் 1982-ல் கண்டுபிடித்திருந்தனர். டில்லி ஈயின் ஜீனும் எலியின் ஜீனும் ஒரே வமிசத்தவை என்று 1987-ல் புலப்பட்டது. அந்த வமிசம் மனிதனிடத்திலும் உண்டு.

விரலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். ஈயின் புழுவுக்குள், பிற்காலத்தில் சிறகாகப்போகும் சிறு தட்டுப் போன்ற ஒரு பகுதி இருக்கிறது. இளம் புழுவில் அது காயப்பட்டால் விங்லெஸ் ஜீன் விழித்துக்கொள்ளும். ஜீவ அணுக்கள் பெருகிக் குறையை நிரப்பிவிடும். புழு முதிர முதிர இந்தச் சக்தி குன்றிவிடுகிறது. ஏன்?

கலிபோர்னியா பல்கலைக் கழகத்தின் பர்க்லி ஆய்வுக்கூடத்தில் ஐசுவர் ஹரிஹரன் குழுவினர் 2016-ல் இதை விளக்கினார்கள். ஜீன் அழிந்துவிடவில்லை, மற்ற வேலைகளை வழக்கம்போல் செய்துகொண்டுதான் இருக்கிறது. காயம் பட்டதும் அதைத் தட்டி எழுப்பும் விசைக்கு அருகே ஒரு பூட்டு இருக்கிறது. வயது ஏற ஏற அது இறுகிவிடுகிறது. அந்தப் பூட்டை மட்டும் அகற்றிப் பார்த்தார்கள். ஜீன் விழித்தது, ஆனால் உறுப்பு வளரவில்லை. 'மிக்' என்னும் வேறொரு ஜீனைக் காயத்தில் தூண்டியபோதுதான் வளரும் சக்தி திரும்பியது.

மிக் ஜீன் சாமானியமானதன்று. அது கட்டு மீறினால் மனிதரிடத்தில் பல புற்றுநோய்களுக்குத் துணை போகிறது. வளர்க்கும் சக்தியே கெடுக்கும் சக்தியாகவும் மாறக்கூடும். ஆகவே, இயற்கை இட்டிருக்கும் பூட்டு நம்மைக் காப்பதற்காகவும் இருக்கலாம் என்றே நமக்குத் தோன்றுகிறது. அதைத் திறக்கக் கற்பதோடு, வேளையறிந்து மீண்டும் பூட்டவும் கற்றாக வேண்டும்.

ஈயின் வித்தை மனிதனுக்குக் கைகூட நாளாகும். அதுவரை, இழந்த விரலை வளர்த்துத் தருவதாகச் சொல்லி மருந்து விற்பவரை நம்ப வேண்டாம். யந்திரத்தின் வாயில் ஆலை முதலாளி பொருத்த வேண்டிய தடுப்பே இன்று தொழிலாளியின் விரலுக்குக் கைகண்ட மருந்து.