பழைய ஸ்னேர் டிரம்முக்கு எந்த ஹெட், எந்தக் கம்பி?

பழைய ஸ்னேர் டிரம் ஒன்று கைக்கு வந்ததும் பெரும்பாலோர் முதலில் வாங்குவது மேல் ஹெட்டைத்தான். அடி விழும் பக்கம் அது என்பதால் கண் அங்கே போகிறது. ஆனால் ஸ்னேருக்கே உரிய அந்தச் சரசரப்பு கீழே பிறக்கிறது. மேலே அடித்ததும் உள்ளே அழுத்தப்படும் காற்று கீழ் ஹெட்டைத் தள்ளும். அது அதிர்ந்து, ஒட்டிக் கிடக்கும் கம்பிகளை உதறும். ஆகவே செலவைக் கீழேயிருந்து தொடங்குங்கள்.

கீழ் ஹெட் மிக மெல்லியது. ரீமோவின் அம்பாசடர் ஸ்னேர் சைடு, எவன்ஸின் ஸ்னேர் சைடு 300 இரண்டும் 3 மில் கனம். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மில். மேலே மாட்டும் சாதாரண அம்பாசடரோ 10 மில். '14 அங்குலம்தானே, எதுவானாலும் பொருந்தும்' என்று மேல் ஹெட்டைக் கீழே மாட்டினால் பொருந்தத்தான் செய்யும். ஆனால் மெல்லிய அடிகளுக்குக் கம்பி வாய் திறக்காது. கீழ் ஹெட் 2 மில்லிலும் கிடைக்கிறது. அது நுணுக்கமாகப் பேசும், சீக்கிரம் கிழியும்.

மேலே என்ன போடுவது என்பது டிரம்மைப் பொறுத்தது. 1960களில் சிகாகோவில் லுட்விக் செய்த சுப்ராஃபோனிக் 400-ஐ எடுத்துக்கொள்வோம்: 14-க்கு 5 அங்குலம், குரோம் பூசிய அலுமினிய ஷெல், பத்து லக். உலோகத்தின் பளிச்சென்ற குரல் அதற்கு ஏற்கெனவே உண்டு. ஒற்றை அடுக்கில், வெள்ளைப் பூச்சுள்ள 10 மில் ஹெட்டே என் தேர்வு. பிரஷ்ஷால் வாசிப்பவருக்கு அந்தச் சொரசொரப்பு இல்லாமல் முடியாது. ரீமோவின் எம்பரர் போன்ற இரட்டை அடுக்கு ஹெட் ஓங்கி அடிப்பவர்களுக்கு நீடித்து உழைக்கும். சின்னச் சின்ன அடிகளை அது விழுங்கிவிடும்.

இன்னும் பழைய டிரம் என்றால் வேறு சிக்கல். ரீமோவின் பிளாஸ்டிக் ஹெட் 1957-இல் வருவதற்கு முன் டிரம்களில் பெரும்பாலும் கன்றுத்தோல்தான். அந்தக் காலத்து ஷெல்கள் சில, சொல்லப்பட்ட அளவைவிட ஒரு மயிரிழை பெரியவை. இன்றைய ஹெட்டின் அலுமினிய வளையம் அவற்றைப் பிடித்துக்கொள்ளும், எவ்வளவு முறுக்கினாலும் சுருதி சேராது. ஹூப் இல்லாமல் ஹெட்டை மட்டும் ஷெல்மேல் வைத்துச் சுற்றிப் பாருங்கள். தங்குதடையின்றிச் சுழல வேண்டும். சுழலாவிட்டால் அக்வேரியனின் அமெரிக்கன் விண்டேஜ், ரீமோவின் கிளாசிக் ஃபிட் என்று இதற்கென்றே வரும் ஹெட்டை வாங்குங்கள். ஷெல்லை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது மட்டும் வேண்டாம், போனது திரும்பாது.

கம்பிக்கு வருவோம். ஷெல்லின் கீழ் விளிம்பில், கம்பி கடக்கும் இரண்டு இடங்களும் லேசாகத் தாழ்ந்திருக்கும். ஸ்னேர் பெட் என்பது இதுதான். அதன் அகலத்தை முதலில் அளந்துகொள்ளுங்கள். 20 இழைக் கம்பி பெரும்பாலும் சரியாக அமரும். 42 இழை கொண்ட அகலமானதைக் குறுகலான பெட்டில் மாட்டினால் ஓரத்து இழைகள் ஹெட்டில் படியாமல் தூக்கி நின்று இரையும். இழை குறைந்தால் சரசரப்பு அடங்கி, டிரம்மின் சொந்தக் குரல் மேலெழும். லுட்விக் சூப்பர் சென்சிடிவ், ஸ்லிங்கர்லேண்ட் ரேடியோ கிங்கின் சில வகைகள் ஆகியவற்றில் கம்பி ஷெல்லைத் தாண்டி வெளியே நீளும். ரோஜர்ஸ் டைனாசோனிக்கில் கம்பிகள் தனிச் சட்டத்தில் இருக்கும். இவற்றுக்குக் கடையில் தொங்கும் 14 அங்குலக் கம்பி உதவாது.

மாட்டும்போது இரு முனைத் தகடுகளும் விளிம்பிலிருந்து சம தூரத்தில், விளிம்பைத் தொடாமல் இருக்கட்டும். கம்பியை இழுத்துப் பிடிக்கும் ஸ்ட்ரெய்னரின் குமிழை இறுக்கிக்கொண்டே மெல்லத் தட்டுங்கள். ஓசை நெரியத் தொடங்கினால் சற்றுத் தளர்த்துங்கள். பழைய ஸ்ட்ரெய்னர்களின் வார்ப்பு உலோகம் பலவந்தம் தாங்காது.

டாம் அடிக்கும்போது ஸ்னேர் முனகுகிறதே என்று கம்பியை மாற்றுபவர்கள் உண்டு. பெரும்பாலும் அது கம்பியின் குற்றமில்லை. டாமின் சுருதியைச் சற்று நகர்த்தினாலே குறையும். உண்மையிலேயே ஓர் இழை தளர்ந்து தொங்கினால், அதை மட்டும் இரு முனையிலும் தகட்டை ஒட்டிக் கட்டரால் வெட்டிவிடலாம். கழற்றிய அசல் கம்பியையும் எறிந்துவிடாதீர்கள். டிரம்மை விற்கும் நாள் வந்தால், சேகரிப்பாளர் முதலில் கேட்பவற்றில் அதுவும் ஒன்று.