ரீஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ஒரு கேள்வி

இந்த வார எபிசோட்ல டைனமிக் டிரேஸிங் பத்திப் பேசினப்போ நேரம் போதல. அதனால அந்த சர்வர் கதையை இங்கே முழுசா சொல்றோம். எபிசோட் கேட்காதவங்களும் தாராளமா படிக்கலாம்.

சர்வர் மெதுவானா எல்லார் வாயிலயும் முதல்ல வர்றது "ரீஸ்டார்ட் பண்ணிப் பாரு"தான். பல நேரம் அது வேலையும் செய்யும். அதுலதான் சிக்கலே! ரீஸ்டார்ட் ஆன அந்த நிமிஷமே தடயம் எல்லாம் போயிடும். அடுத்த வாரம் அதே பிரச்சினை திரும்ப வரும், ராத்திரி மூணு மணிக்கு ஃபோன் அலறும், ஆன்-கால் லிஸ்ட்ல உங்க பேர் இருக்கும்.

சன் மைக்ரோசிஸ்டம்ஸ்ல பிரையன் கான்ட்ரில், மைக் ஷபீரோ, ஆடம் லெவந்தால்னு மூணு இன்ஜினியர்கள் இதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. அதுதான் டிடிரேஸ். 2005-இல் சொலாரிஸ் 10 கூட வெளிவந்தது. ஓடிக்கிட்டிருக்கிற மெஷினை நிறுத்தாம, கர்னலுக்குள்ளேயே போய் கேள்வி கேட்கலாம். கேட்கிற இடத்துக்குப் பேர் ப்ரோப். சொலாரிஸ்ல அப்படி 30,000-க்கும் மேல இருந்தது. நீங்க ஆன் பண்ணும்போதுதான் அந்த இடத்துல இருக்கிற கட்டளை மாற்றி எழுதப்படும். ஆஃப் பண்ணினா பழையபடி ஆயிடும். அதனால யாரும் எதுவும் கேட்காத நேரத்துல செலவுன்னு சொல்ற அளவுக்கு எதுவும் இல்ல.

ஸ்கிரிப்ட்டும் ரொம்ப எளிமை: இது நடந்தா, இந்த நிபந்தனை பொருந்தினா, இதைக் குறிச்சு வை. அவ்வளவுதான். லூப் எழுதவே முடியாது. தெரிஞ்சேதான் அப்படி வச்சாங்க. உங்க ஸ்கிரிப்ட் முடிவில்லாம சுத்தி கர்னலையே தொங்க விட்டுடக்கூடாது இல்லையா?

இப்போ கதைக்கு வருவோம். 2004 யூஸ்னிக்ஸ் மாநாட்டுக்கு இந்த மூணு பேரும் எழுதின கட்டுரையில வர்றது. ஒரு சர்வர், அதுல சன் ரே டெர்மினல் வழியா சுமார் 170 பேர் வேலை பார்க்கிறாங்க. அதுல 'க்ராஸ் கால்' எண்ணிக்கை எகிறிக் கிடந்தது. க்ராஸ் கால்னா ஒரு ப்ராசஸர் இன்னொண்ணைக் கூப்பிட்டு, பார்க்கிற வேலையை நிறுத்தி வேற ஒண்ணு செய்யச் சொல்றது.

முதல் கேள்வி: யாரால? எக்ஸ் சர்வர்களால, அதாவது ஒவ்வொருத்தரோட திரையையும் வரையற ப்ராசஸ்கள். சரி, என்ன செய்யும்போது? மெமரியைத் திருப்பிக் கொடுக்கும்போது. (மெமரியை விடுவிச்சா, மத்த ப்ராசஸர்கள் வச்சிருக்கிற பழைய முகவரிக் குறிப்பையும் அழிக்கச் சொல்லணும். அதுக்குத்தான் இத்தனை கூப்பாடு.) ஏன் இப்படி வாங்கி வாங்கி விடுது? யாரோ ஓயாம வரையச் சொல்றாங்க. யாரு? தேடிப் போனா கடைசியில நின்னது, க்னோம் டெஸ்க்டாப்ல பங்கு விலைகளை ஓட விடுற ஒரு குட்டி ஆப்லெட்!

டாப் கமாண்டை மட்டும் பார்த்திருந்தா பழி எக்ஸ் சர்வர் மேல விழுந்திருக்கும். இன்னொரு மெஷின் வாங்கலாம்னு யாராவது மீட்டிங் போட்டிருப்பாங்க. இங்கே ஒவ்வொரு பதிலும் அடுத்த கேள்வியைக் கொண்டு வந்தது. அதுவும் சில வரி ஸ்கிரிப்ட்கள்ல.

நடக்கிற ஒவ்வொண்ணையும் அது வெளியே கொட்டுறதில்ல. கல்யாண மண்டப வாசல்ல நின்னு, வர்ற ஒவ்வொருத்தர் பேரையும் எழுதாம, பெண் வீடு இத்தனை, மாப்பிள்ளை வீடு இத்தனைன்னு கோடு போடுற மாதிரி, கர்னலுக்குள்ளேயே கணக்கு போட்டுடும். சராசரிக்குப் பதிலா பரவலையும் காட்டும். ஆயிரம் டிஸ்க் ரீட் சட்டுனு முடிஞ்சு நாலு மட்டும் ஒரு செகண்ட் இழுத்தா, சராசரி அதை மறைச்சிடும். பரவல்ல அந்த நாலும் தனியா நிற்கும். 2008 கடைசி நாள் வெளிவந்த ஒரு வீடியோவுல சன் இன்ஜினியர் பிரெண்டன் கிரெக் டிஸ்க் அடுக்கைப் பார்த்துக் கத்துவார். அந்த அதிர்வுல தாமதம் எகிறுறது கிராஃப்ல அப்படியே தெரியும். அந்த கிராஃபுக்கு அடியில ஓடினதும் டிடிரேஸ்தான். பார்க்கலைன்னா பாருங்க, சிரிப்பு கேரண்டி.

உங்க மேக்ல 2007-இன் லெப்பர்ட் காலத்திலிருந்தே டிடிரேஸ் இருக்கு. ஆனா இப்போ சிஸ்டம் பாதுகாப்புப் பூட்டு அதுல பாதியைத் தடுத்துடும். ஆஃபீஸ் லேப்டாப்ல அதைக் கழற்றாதீங்க, ப்ளீஸ்.

லினக்ஸ்லதான் இப்போ இதுக்கு மவுசு. அங்கே ஈபிபிஎஃப் இருக்கு. அதுக்கு மேல டிடிரேஸ் பாணியிலயே எழுத பிபிஎஃப்டிரேஸ். ஸ்கிரிப்ட் முடியுமா, தேவையில்லாத மெமரியைத் தொடுமான்னு கர்னல் முதல்ல சரிபார்க்கும். சந்தேகம்னா ஓடவே விடாது. எழுதத் தெரியலைன்னாலும் பரவாயில்ல. எக்ஸெக்ஸ்னூப் புதுசா கிளம்புற ப்ராசஸ்களைக் காட்டும், ஓப்பன்ஸ்னூப் யார் எந்த ஃபைலைத் திறக்கிறாங்கன்னு சொல்லும், பயோலேட்டன்சி டிஸ்க் தாமதத்தோட பரவலைக் காட்டும். முதல்ல சொந்த மெஷின்ல, ரூட்டா, எக்ஸெக்ஸ்னூப் ஓட விட்டுட்டு ஒரு டெர்மினல் திறந்து பாருங்க. ஒரு ப்ராம்ப்ட் வர்றதுக்குள்ள எத்தனை ப்ராசஸ் பிறந்து செத்துப் போகுதுன்னு தெரியும்.

ப்ரொடக்‌ஷன்ல மட்டும் கொஞ்சம் நிதானம். செகண்டுக்கு லட்சக்கணக்குல கூப்பிடப்படுற ஃபங்ஷன்ல, உதாரணத்துக்கு மாலாக்ல, ப்ரோப் வச்சா மெஷின் நிஜமாவே திணறும். முதல்ல பத்து செகண்ட் மட்டும் ஓட விடுங்க.