வாசலைத் தாண்டிய நூல்

ஒரு சிறு நூலுக்கு எவ்வளவு பலம் இருக்கும்? கொஞ்சம் இழுத்தால் அறுந்துவிடும். ஆனால் அதே நூல் ஊரையே சேர்த்துக் கட்டியது ஒரு நாள். அந்தக் கதையைத் தெரிந்துகொள்வோமா?

வட இந்தியாவில் ரக்ஷா பந்தன் என்று ஒரு பண்டிகை உண்டு. அது பெரும்பாலும் ஆகஸ்ட் மாதப் பௌர்ணமியில் வரும். அன்று அக்கா தங்கைகள், அண்ணன் தம்பிகளின் கையில் நூல் கட்டுவார்கள். இந்த நூலுக்கு ராக்கி என்று பெயர். நெற்றியில் பொட்டு வைப்பார்கள். இனிப்பு ஊட்டுவார்கள். அண்ணன் தம்பிகள் பரிசு கொடுப்பார்கள். "உனக்கு நான் துணை" என்பதுதான் இதன் பொருள். வெளியூரில் இருக்கும் அண்ணனுக்குத் தபாலில் ராக்கி போகும்.

இது வீட்டுக்குள் காட்டும் அன்பு. இந்த அன்பு 1905-ஆம் ஆண்டு தெருவுக்கு வந்தது.

அப்போது நம்மை ஆண்டவர்கள் ஆங்கிலேயர்கள். வங்காளம் மிகப் பெரிய மாகாணம், நிர்வாகம் செய்வது கஷ்டம் என்று சொல்லி, வைஸ்ராய் கர்சன் அதை இரண்டாகப் பிரித்தார். கிழக்குப் பகுதியில் முஸ்லிம்கள் அதிகம். மேற்குப் பகுதியில் இந்துக்கள் அதிகம். நிலத்தைப் பிரிப்பதுபோல மனிதர்களையும் பிரிக்கிறார்களே என்று பலர் வருந்தினார்கள்.

கவிஞர் ரவீந்திரநாத் தாகூர் ஒரு வழி சொன்னார். பிரிவினை அமலுக்கு வரும் நாளில் எல்லோரும் ஒருவருக்கொருவர் ராக்கி கட்டிக்கொள்வோம் என்றார். அந்த நாள் அக்டோபர் 16. அது பண்டிகை நாள் அல்ல. துக்க நாள். பல வீடுகளில் அன்று அடுப்பு எரியவில்லை. கல்கத்தா மக்கள் கங்கையில் குளித்துவிட்டுத் தெருவில் நடந்தார்கள். தாகூரும் நடந்தார். எதிரே வந்தவர்களுக்கு ராக்கி கட்டினார்கள். இந்து, முஸ்லிம் என்று பார்க்கவில்லை.

போராட்டம் தொடர்ந்தது. மக்கள் அந்நியத் துணியை ஒதுக்கினார்கள். 1911-இல் பிரிவினையை ரத்து செய்வதாக அரசு அறிவித்தது. ஆனால் 1947-இல் வங்காளம் மறுபடியும் பிரிந்தது. பல உயிர்கள் போயின. அன்பை ஒரு நாள் காட்டினால் போதாது. நூல் அறுந்தால் மறுபடி கட்ட வேண்டும்.

எங்கள் வகுப்பில் இதைப் பற்றிப் பேசினோம். ஓர் அக்கா கேட்டார்: "வேலித் தகராறுல பக்கத்து வீட்டோட மூணு வருஷமா பேச்சு இல்ல. அதுக்கு எங்க தம்பி நூல் விக்குது?" எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: "நூல் எதுக்கு? நாளைக்குக் குழாயடியில நானே முதல்ல பேசிடறேன்."

யோசித்துப் பாருங்கள்:

உங்கள் தெருவில் நீங்கள் பேசாமல் இருப்பது யாரோடு?

முதல் வார்த்தையை யார் பேசுவது?