ஒரே கட்டி, ஒவ்வொரு செல்லும் வேறு

கனடாவின் லொங்குய்ய் மெட்ரோ நிலையத்தின் பெயரிலேயே ஷெர்ப்ரூக் பல்கலைக்கழகமும் இருக்கிறது. வேலைக்குப் போகும்போது நான் தினமும் பார்க்கும் பெயர். மார்பகப் புற்றுநோய்க்கு மருந்து எடுக்கும் என் சின்னம்மா, தன்னை இன்னொரு நோயாளியோடு ஒப்பிட்டு, "ரெண்டு பேருக்கும் ஒரே வருத்தம்தானே பிள்ளை, மருந்து மட்டும் ஏன் வேற?" என்று கேட்டபோதுதான் அந்தப் பல்கலைக்கழகத்தில் மார்பகப் புற்றுநோய் பற்றி நடந்த ஆய்வைத் தேடி வாசித்தேன்.

மரபணு முதலில் நீளமான ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படும். தையற்காரர் துணியை வெட்டித் தைப்பதுபோல், செல் வேண்டாத துண்டுகளை நீக்கி மிச்சத்தை ஒட்டும். இதுவே ஸ்பிளைசிங். 1977இல் இதைக் கண்டறிந்த ரிச்சர்ட் ராபர்ட்ஸ், ஃபிலிப் ஷார்ப் இருவருக்கும் 1993இல் நோபல் பரிசு கிடைத்தது. வெட்டு மாறினால் அதே மரபணுவிலிருந்து வேறு புரதம் வரும். மார்பகப் புற்றுநோயோடு தொடர்புள்ள ஹெர்2 மரபணுவில் 16ஆம் துண்டு விடுபட்டால், அந்தப் புரதம் செல்லை ஓயாமல் வளரத் தூண்டும்.

ஷெர்ப்ரூக் குழு புற்றுநோயோடு தொடர்புள்ள 600 மரபணுக்களை, 21 சாதாரண மார்பகத் திசுக்களிலும் 26 புற்றுத் திசுக்களிலும் ஒப்பிட்டு, 41 வெட்டு மாற்றங்களை 2008இல் வெளியிட்டது. ஆனால் திசுவை மொத்தமாக அரைத்துப் பார்த்தால் கிடைப்பது சராசரிதான். இப்போது ஆய்வாளர்கள் செல்களைத் தனித்தனியாகப் பிரித்து வாசிக்கிறார்கள்; ஒரே கட்டிக்குள்ளும் வெட்டு வேறுபடுகிறது.

ஒரு செல்லில் இருக்கும் ஆர்.என்.ஏ. மிகக் கொஞ்சம். பல மூலக்கூறுகள் கருவிக்குத் தப்பிவிடும். அதனால் தனித்தனியாக வாசித்த ஆயிரக்கணக்கான செல்களின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தே முடிவு சொல்ல வேண்டும்.