உங்கள் கணவர் பெயர் என்ன?

கண்ணாடி ஜன்னலில் காத்திருக்கும் கேள்வி!

அந்தக் காலத்துச் செட்டிநாட்டு ஆச்சியிடம் எதைக் கேட்டாலும் பதில் வரும். "உங்கள் கணவர் பெயர் என்ன?" என்று கேட்டால் மட்டும் வராது!

புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொல்லக்கூடாது என்பது வழக்கம். பக்கத்தில் நிற்கும் பிள்ளையைக் கூப்பிட்டு, "நீ சொல்லு" என்பார்கள்.

அந்த ஆச்சியின் பேத்தி இன்று காரைக்குடியில் ரயில் ஏறுகிறாள். சென்னை அண்ணா மேம்பாலத்தின் அருகே இருக்கிறது அமெரிக்கத் துணைத் தூதரகம். அங்கே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அதிகாரி. இந்தப் பக்கம் இவள்.

அதிகாரி அதே கேள்வியைக் கேட்கிறார். சொன்னால்தான் கணவனிடம் போகலாம்!

கப்பல் ஏறிய கணவர்கள்

செட்டிநாட்டுக்குப் பிரிவு புதிதல்ல. நகரத்தார் பர்மா, மலாயா, இலங்கை, சைகோன் என்று போய் லேவாதேவி செய்தார்கள். "கொண்டு விற்கப் போயிருக்கிறார்" என்று வீட்டில் சொல்வார்கள்.

நாகப்பட்டினத்தில் 'ரஜுலா' கப்பலில் ஏறினால் பினாங்கில் இறங்கலாம். கடைக்குப் போகிறவருக்கு ஒரு தவணை மூன்று வருஷம். மனைவி பெரும்பாலும் ஊரிலேயே இருந்தாள். கடிதமே துணை.

பிறகு சட்டம் குறுக்கே வந்தது. 1959-ல் மலாயா சர்க்கார் குடியேற்றச் சட்டத்தைத் திருத்தியது. 1954 டிசம்பருக்குப் பிறகு தொடர்ந்து ஐந்து வருஷம் கணவனைப் பிரிந்து வாழ்ந்த மனைவிக்கு அனுமதி இல்லை என்றது.

குடும்பத்துக்காகப் பிரிந்திருந்தாள். அந்தப் பிரிவே அவளுக்குத் தடையாயிற்று!

கழுத்துரு போதாது

இன்று காலம் மாறிவிட்டது. 'எச்-1பி' விசாவில் கணவன் அமெரிக்காவில் வேலை பார்த்தால், மனைவி 'எச்-4' விசா கேட்கலாம். ஆனால், உண்மையான மனைவி என்று காட்ட வேண்டும்.

நகரத்தார் கலியாணத்தில் இசைகுடிமானம் எழுதுவார்கள். இரு வீட்டாரும் கையெழுத்துப் போடுவார்கள். ஊருக்கு அது போதும். மணமகள் கழுத்தில் ஏறிய கழுத்துருவும் போதும்.

தூதரகத்துக்கு அது போதாது. சர்க்கார் தந்த பதிவுச் சான்று வேண்டும்.

தமிழ்நாட்டில் 2009-ம் வருஷச் சட்டப்படி எல்லாக் கலியாணங்களையும் பதிவு செய்தாக வேண்டும். கெடு 90 நாள். கூடுதல் கட்டணம் கட்டினால் மேலும் 60 நாள். மாப்பிள்ளை விமானம் ஏறும் முன்பே இதை முடித்துவிடுவது புத்திசாலித்தனம்.

"பெயர் தெரியாது!"

நம் ஊரில் பெயருக்கு முன்னால் இனிஷியல்தான். பாஸ்போர்ட்டிலோ குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்று இரண்டு கட்டம். குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டால் என்ன ஆகும்? அமெரிக்க விசாவில் முழுப் பெயரும் அந்த இடத்தில் ஏறிவிடும். சொந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எப்.என்.யூ.' என்று அச்சாகும். 'முதல் பெயர் தெரியாது' என்று அர்த்தம்!

பாஸ்போர்ட், பதிவுச் சான்று, விண்ணப்பம் ஆகிய மூன்றிலும் பெயரும் எழுத்தும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

என்ன கேட்பார்கள்?

பெரிய பரீட்சை ஒன்றும் இல்லை. கலியாணம் எப்போது, எங்கே நடந்தது? யார் பார்த்த சம்பந்தம்? கணவர் எந்தக் கம்பெனியில், என்ன வேலை பார்க்கிறார்? எந்த ஊரில் இருக்கிறார்? இவ்வளவுதான்.

இங்கிலீஷ் வராதே என்று பயம் வேண்டாம். தமிழிலேயே பதில் சொல்லலாம். கலியாணப் பத்திரிகையும் போட்டோக்களும் கையில் இருக்கட்டும்.

'221-ஜி' என்று ஒரு காகிதம் தந்தால் அழ வேண்டாம். பெரும்பாலும் ஏதோ ஒரு தஸ்தாவேஜு குறைகிறது, அல்லது இன்னும் விசாரிக்க வேண்டும் என்று பொருள். கேட்டதைக் கொடுத்தால் மறுபடி பரிசீலிப்பார்கள்.

பொய் மட்டும் கூடாது. யாரோ எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் செய்து ஒப்பிக்கவும் கூடாது. பொய் வெளிப்பட்டால் அந்த நாட்டுக்குள் நுழையவே தடை விழலாம்.

அன்று ஆச்சி பெயரைச் சொல்லாமல் வாசலைப் பார்த்துக் காத்திருந்தாள். இன்று பேத்தி தலை நிமிர்ந்து அந்தப் பெயரைச் சொல்லட்டும்!