வண்டியைத் தூக்கும் முன் ஒரு டேப்பை எடுங்கள்

பழைய எஸ்யூவி வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி கேட்கிற பேச்சு ஒன்று உண்டு: "ரெண்டு இன்ச் தூக்கிடலாம்னு இருக்கேன் சார்." தென்னூரில் குடியிருந்துகொண்டு இந்த ஆசை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி, மூடி, திரும்பத் தோண்டிய தெருக்கள். ஒவ்வொரு சந்து முனையிலும் அந்தத் தெருக்காரர்களே சிமென்ட் கொட்டி எழுப்பிய வேகத்தடை. நாலு பேர் ஏறினால் வண்டியின் அடிப்பக்கம் 'டொக்' என்று இடிக்கிறது. உடனே மனசு லிஃப்ட் கிட் பக்கம் போகிறது.

என்னிடம் இருப்பது 2009 மாடல் டாடா சஃபாரி 2.2 டைகோர், டூ வீல் டிரைவ். வார நாட்களில் நவல்பட்டு எல்காட் ஐடி பார்க். சனிக்கிழமை முழங்கால் ஆபரேஷன் ஆன அம்மாவோடு ஸ்ரீரங்கம். வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறை குடும்பத்தோடு கொல்லிமலை. ஒரே வண்டி இந்த மூன்று வேலையையும் செய்ய வேண்டும் என்பதால் இந்த லிஃப்ட் விஷயத்தைக் கொஞ்சம் உட்கார்ந்து படித்தேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தினசரி ஓடும் பழைய வண்டிக்கு முதல் லிஃப்ட் என்பது, அது வருஷக்கணக்கில் இழந்த உயரத்தைத் திருப்பிக் கொடுப்பதுதான். பெரும்பாலானவர்களுக்கு அதுவே போதும்.

லிஃப்ட் எதைத் தூக்கும், எதைத் தூக்காது

சஃபாரி, சுமோ, பொலிரோ, ஸ்கார்பியோ என்று நம் ஊரில் அதிகம் ஓடிய பழைய சேஸ் வண்டிகளில் பின்பக்கம் முழு அச்சு. நடுவில் டிஃபரன்ஷியல் உருண்டை தொங்குகிறது. ஸ்பிரிங்கை உயர்த்தினால் சேஸும் பாடியும் மேலே போகும். அச்சு டயர் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது, அது ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. கரடுமுரடான பாதையில் கல்லில் உரசுகிற இடம் அந்த உருண்டை என்றால், லிஃப்டால் பிரயோஜனம் இல்லை.

அதை உயர்த்த ஒரே வழி பெரிய டயர். அதிலும் கணக்கு ஏமாற்றும். டைகோரின் டயர் 235/70 ஆர்16. விட்டம் 735 மி.மீ. அதற்குப் பதில் 255/70 ஆர்16 போட்டால் விட்டம் 763 மி.மீ. வித்தியாசம் 28 மி.மீ, ஆனால் அச்சு உயர்வது அதில் பாதி, 14 மி.மீ. பதிலுக்கு ஸ்பீடாமீட்டர் ஏறக்குறைய 4 சதவீதம் குறைத்துக் காட்டும். முள் 80-ல் நிற்கும்போது அது ஏற்கெனவே சரியாகக் காட்டிய வண்டியாக இருந்தால், உண்மையில் நீங்கள் 83-ல் போகிறீர்கள்.

மழைத் தண்ணீருக்காகத் தூக்க நினைப்பவர்களுக்கும் இதே பதில்தான். 2005 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்த திருச்சிக்காரர்களுக்கு அந்தப் பயம் நியாயமானது. ஆனால் லிஃப்ட் செய்தால் எஞ்சின் காற்று இழுக்கும் வாய்தான் இரண்டு இன்ச் மேலே போகும். பேரிங், பிரேக், அச்சு எல்லாம் பழைய ஆழத்திலேயேதான் முங்கும்.

சரி, அடி ஏன் இடிக்கிறது?

வேகத்தடைக்கு ஒரு தரம் இருக்கிறது. இந்தியச் சாலைக் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 99 விதிப்படி, 25 கி.மீ வேகத்தில் கடக்க வேண்டிய தடையின் அகலம் 3.7 மீட்டர், வளைவின் ஆரம் 17 மீட்டர், உயரம் 10 செ.மீ. சஃபாரிக்குக் கம்பெனி சொன்ன தரை இடைவெளி 205 மி.மீ. அதாவது முறைப்படி கட்டிய தடையைவிட இரண்டு மடங்கு.

அப்படியும் இடிக்கிறது என்றால் மூன்று காரணங்கள் இருக்க முடியும். தடை விதிப்படி இல்லை. அல்லது வண்டி உட்கார்ந்துவிட்டது. அல்லது ஷாக் அப்சார்பர் செத்துப்போய், தடையில் இறங்கும்போது வண்டி அடக்கமில்லாமல் கீழே குத்துகிறது. முதலாவது நம் கையில் இல்லை. மற்ற இரண்டும் பட்டறை வேலை. இரண்டுக்கும் லிஃப்ட் கிட் மருந்தில்லை. செத்த ஷாக்கோடு இரண்டு இன்ச் தூக்கினால், உயரத்திலிருந்து குத்தும்.

அளப்பது எப்படி

சமதளத்தில் நிறுத்துங்கள். டயரில் சரியான காற்று, டேங்க் நிறைய டீசல், உள்ளே சாமான் எதுவும் வேண்டாம். வண்டியின் நாலு மூலையையும் கையால் நாலைந்து தடவை அமுக்கிவிட்டு, கொஞ்சம் முன்னும் பின்னும் உருட்டி நிறுத்துங்கள். பிறகு வீலின் நடு மையத்திலிருந்து நேர் மேலே ஃபெண்டர் விளிம்பு வரை டேப்பால் அளந்து எழுதுங்கள். தரையிலிருந்து அளக்கக் கூடாது, டயர் தேய்மானமும் காற்றும் கணக்கைக் கெடுக்கும்.

நாலு எண் கிடைக்கும். இடதுக்கும் வலதுக்கும் 10 மி.மீ-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஸ்பிரிங் களைத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். நம் ஊரில் பெரும்பாலும் டிரைவர் பக்கம்தான் அதிகம் உட்காரும், காரணம் சொல்லத் தேவையில்லை. அந்த வண்டிக்கான சர்வீஸ் கையேட்டில் இருக்க வேண்டிய உயரம் கொடுத்திருப்பார்கள். கையேடு கிடைக்காவிட்டால், புது ஸ்பிரிங்கைப் பழையதற்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தாலே கண்ணுக்குத் தெரியும்.

என் வண்டியில் பின்பக்கம் கம்பெனி அளவிலேயே புது ஸ்பிரிங் மாற்றியபோது வலது 24, இடது 19 மி.மீ உயர்ந்தது. இது யாரும் 'லிஃப்ட்' என்று சொல்லி விற்காத லிஃப்ட்.

முன்பக்கம்: டார்ஷன் பார்

டைகோர் வரைக்கும் சஃபாரியின் முன்பக்கம் டபுள் விஷ்போன், டார்ஷன் பார். 2012-ல் வந்த ஸ்டார்மில்தான் முன்பக்கமும் காயில் ஸ்பிரிங் ஆனது. டார்ஷன் பார் என்பது நேரான ஒரு இரும்புக் கம்பி. ஒரு முனை வீலின் கையோடு, மறு முனை சேஸோடு. வீல் மேலே போனால் கம்பி முறுக்கேறும். சேஸ் பக்க முனையில் ஒரு போல்ட் இருக்கும். அதைத் திருகினால் முன்பக்கம் உயரும். பைசா செலவில்லாத லிஃப்ட் என்று பட்டறைகளில் சொல்வது இதைத்தான்.

"திருகினால் ஸ்பிரிங் டைட் ஆகிடும், அதான் குலுங்குது" என்பார்கள். இது பாதி உண்மை. கம்பியின் விறைப்பு அதன் தடிமனையும் நீளத்தையும் பொறுத்தது, போல்ட்டால் மாறாது. மாறுவது வேறு. வீல் கீழே தொங்குவதற்கு ஒரு எல்லை உண்டு. வண்டியை உயர்த்த உயர்த்த வீல் அந்த எல்லைக்கு நெருங்கி நிற்கிறது. அதனால் பள்ளத்தில் இறங்கும்போது கீழே போக இடமில்லாமல் 'டங்' என்று நிற்கும். அதோடு பால் ஜாயின்ட்டும் டை ராடும் கோணலாக வேலை செய்து சீக்கிரம் தேயும். ஃபோர் வீல் டிரைவ் என்றால் முன் டிரைவ் ஷாஃப்ட்டின் ஜாயின்ட்டும் சேர்ந்து தேயும்.

அந்த போல்ட்டின் நியாயமான வேலை, வருஷக்கணக்கில் தளர்ந்த கம்பியைக் கையேட்டு உயரத்துக்குத் திருப்பிக் கொண்டுவருவது. அதற்கு மேல் 20, 25 மி.மீ வரை பொறுக்கும். எவ்வளவு திருகினாலும் அன்றைக்கே வீல் அலைன்மென்ட் பார்த்தாக வேண்டும்.

பின்பக்கம்: ஸ்பேசரா, ஸ்பிரிங்கா?

சஃபாரியின் பின்னால் ஐந்து லிங்க், காயில் ஸ்பிரிங். இதில் உயர்த்த இரண்டு வழி. ஸ்பிரிங் தலையில் ஒரு வளையத்தை, அதாவது ஸ்பேசரை வைப்பது. அல்லது உயரமான ஸ்பிரிங் போடுவது. களைத்த ஸ்பிரிங் மேல் ஸ்பேசர் வைப்பது தேய்ந்த செருப்புக்குள் அட்டை வைப்பது மாதிரி. உயரம் வரும், பலம் வராது. 'ஹெவி டியூட்டி' ஸ்பிரிங்கோ எப்போதும் சுமையோடு போகிறவர்களுக்கு. விறைப்பு 20 சதவீதம் கூடினால் வண்டி ஆடும் வேகம் ஏறக்குறைய 10 சதவீதம் கூடும். தனியாக ஆபீஸ் போகிறவரின் முதுகுக்கு அது தெரியும். சுமோ, பொலிரோ மாதிரி பின்னால் பட்டை இருக்கும் வண்டிகளிலும் இதே நியாயம்தான். செத்த பட்டையை மாற்றாமல் மேலே ஒரு பட்டை சேர்ப்பது சுமைக்கு உதவும், சொகுசுக்கு உதவாது.

பேன்ஹார்டு ராடு பற்றிப் பயமுறுத்துவார்கள். அச்சைப் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பி அது. வண்டி உயர்ந்தால் அச்சை ஒரு பக்கம் இழுக்கும், உண்மைதான். எவ்வளவு? 900 மி.மீ நீளக் கம்பி, மட்டமாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 25 மி.மீ லிஃப்டுக்கு 0.35 மி.மீ. 50-க்கு 1.4. 75-க்கு 3 மி.மீ கூடிவிடும். சிறிய லிஃப்டுக்கு இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

கவலைப்பட வேண்டியது பிரேக்கைப் பற்றி. ஏ.பி.எஸ் இல்லாத பல பழைய வண்டிகளில், பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைச் சுமைக்கு ஏற்ப மாற்றும் ஒரு வால்வு உண்டு. பட்டறையில் எல்.எஸ்.பி.வி என்பார்கள். சேஸில் வால்வு, அங்கிருந்து அச்சுக்கு ஒரு கம்பி. சேஸுக்கும் அச்சுக்கும் உள்ள தூரத்தை வைத்துத்தான் சுமையை அது ஊகிக்கிறது. நீங்கள் பின்பக்கத்தைத் தூக்கினால் அந்தத் தூரம் கூடும். ஏழு பேர் உட்கார்ந்திருந்தாலும் 'வண்டி காலி' என்று நினைத்து, பின் பிரேக்கைக் குறைத்துவிடும். முன் பிரேக் மட்டும் பாடுபடும், நிற்கும் தூரம் கூடும். குனிந்து பாருங்கள். அந்தக் கம்பி இருந்தால், லிஃப்டுக்குத் தகுந்தபடி அதைத் திரும்ப செட் பண்ணத் தெரிந்தவரிடம் மட்டும் வண்டியைக் கொடுங்கள்.

உயரத்துக்கு நாம் கொடுக்கும் விலை

அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனம் ஒரு எளிய எண் வைத்திருக்கிறது. இரண்டு வீல்களுக்கு நடுவே உள்ள அகலத்தில் பாதியை, வண்டியின் புவியீர்ப்பு மைய உயரத்தால் வகுத்தால் வருவது. கார்களுக்கு அது 1.3 முதல் 1.5, உயரமான எஸ்யூவிகளுக்கு 1.0 முதல் 1.3 என்கிறார்கள். எண் குறையக் குறைய கவிழும் வாய்ப்பு கூடும்.

உதாரணத்துக்கு அகலம் 1.5 மீட்டர், மையம் 0.72 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். எண் 1.04. 25 மி.மீ தூக்கினால், அச்சும் வீலும் கீழேயே நிற்பதால் மையம் சுமார் 20 மி.மீ உயரும், எண் 1.01. 75 மி.மீ தூக்கினால் 0.96-க்கு வந்துவிடும். கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். பின் சீட்டில் பிள்ளைகள். அந்த இடத்தில் இந்த எண் வெறும் எண்ணாக இருப்பதில்லை.

தினசரி விலைகளும் உண்டு. 25 மி.மீ என்பது ஒரு விரல் கனத்துக்கு மேல். இளைஞனுக்கு ஒன்றுமில்லை. அம்மா மாதிரி கம்பியைப் பிடித்து, ஒரு காலை ஊன்றி, மூச்சு வாங்கி ஏறுகிறவர்களுக்கு அது இன்னொரு படி. ஹெட்லைட்டும் மேலே பார்க்கும், எதிரே வருகிற டூ வீலர்காரர் கண் கூசும். லிஃப்டுக்குப் பிறகு அதையும் திருப்பி வைக்க வேண்டும்.

சட்டம்

மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52-வது பிரிவு: ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் முதலில் கொடுத்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே வருஷத் திருத்தத்தில் வந்த 182-ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆஸ்திரேலியாவில் சில மாநிலங்களில் சஸ்பென்ஷனில் 50, டயரில் 25 மி.மீ வரை தனிச் சான்று இல்லாமல் அனுமதிக்கிறார்கள். அங்கே எழுதப்பட்டதைப் படித்துவிட்டு இங்கே செய்யக் கூடாது. 15 வருஷம் முடிந்த வண்டிக்கு ஆர்.சி புதுப்பிக்க ஆர்.டி.ஓ. ஆபீஸில் வண்டியைக் காட்ட வேண்டும். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர்களும் கீழே குனிந்து பார்ப்பார்கள். கம்பெனி அளவு ஸ்பிரிங், ஷாக், புஷ் மாற்றுவது ரிப்பேர். அதை யாரும் கேள்வி கேட்க முடியாது.

எந்த வரிசையில் செய்யலாம்

முதலில் அளவு. பிறகு புஷ், ஷாக் நாலும். பிறகு பின் ஸ்பிரிங் ஜோடியாக, ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது. பிறகு முன் டார்ஷன் பாரைக் கையேட்டு உயரத்துக்கு. வீல் அலைன்மென்ட், ஹெட்லைட். ஒரு மாதம் ஓட்டிவிட்டு, நாலு பேரோடு உங்கள் தெரு வேகத்தடையை ஏறிப் பாருங்கள்.

அப்போதும் இடித்தால், வேண்டியது எவ்வளவு என்று உங்களிடம் ஒரு எண் இருக்கும். அநேகமாக அது 25 மி.மீ-க்குள் அடங்கும். பட்டறையில் ஒருவர் மூன்று இன்ச் கிட்டைக் காட்டி, "இதைப் போட்டா சிங்கம் மாதிரி நிக்கும் சார்" என்றார். நிற்கும்தான். என் வண்டிக்கு நிற்கிற வேலை இல்லை, ஓடுகிற வேலை. ஸ்பிரிங்கும் ஷாக்கும் மாற்றியதோடு நிறுத்திக்கொண்டேன். எங்கள் தெருமுனைத் தடையில் இப்போது சத்தமில்லை.