பிஞ்சுக் கை பதித்த கிறிஸ்துமஸ் மரம்

பெங்களூரு மழலையர் காப்பகங்களின் டிசம்பர் சுவர்கள் பளபளக்கின்றன. அவற்றில் குழந்தைகளின் பங்கு எவ்வளவு?

டிசம்பர் இரண்டாவது வாரத்தில் பெங்களூருவின் ஏதாவதொரு பிளே ஹோமுக்குள் மாலை ஆறு மணிக்கு எட்டிப் பாருங்கள். குழந்தைகள் போயிருப்பார்கள். மிஸ்ஸும் ஆயாவும் தரையில் உட்கார்ந்து கத்தரித்துக்கொண்டிருப்பார்கள். தெர்மாகோலில் பனிமனிதன், வெல்வெட் காகிதத்தில் தாத்தாவின் தொப்பி, ஜிகினா தூவிய நட்சத்திரம். மறுநாள் காலை தாத்தாவின் தாடியில் குழந்தை ஒரு துண்டு பஞ்சை ஒட்டும்; அதுவும் மிஸ் கையைப் பிடித்துக்கொள்ள. கீழே குழந்தையின் பெயர். பெற்றோர் செல்போனில் படமெடுத்துக்கொள்வார்கள்.

செய்தது யார் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் கேட்பதில்லை. கூடுதல் நேரத்துக்கு ஆயாவுக்குச் சம்பளம் உண்டா என்பதையும்தான்.

கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் நகரம் இது. மென்பொருள் நிறுவனங்களில் மட்டுமல்ல, ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளிலும் ஆயிரக்கணக்கான தாய்மார்கள். 30 பெண்களுக்கு மேல் வேலை செய்தால் குழந்தைகள் அறை வேண்டும் என்று 1948-ன் தொழிற்சாலைச் சட்டம் சொன்னது. 50 பேர் வேலை செய்யும் நிறுவனங்களுக்குக் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது 2017-ல் வந்த மகப்பேறு நலச் சட்டத் திருத்தம். காலையில் விட்டுப்போகும் தாய்க்கு, பகலெல்லாம் குழந்தை என்ன செய்தது என்பதற்கு இருக்கும் ஒரே சாட்சி பெரும்பாலும் அந்தச் சுவர்தான். அதில் மிஸ்ஸின் கைவண்ணம் தொங்கினால் என்ன பயன்?

கிறிஸ்துமஸ் இங்கே தேவாலயத்தோடு நிற்கும் பண்டிகையும் அல்ல. 1809-ல் ஆங்கிலேயர் கன்டோன்மென்ட் அமைத்ததிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் வேரூன்றிய சிவாஜிநகர், அல்சூர் பகுதிகளில் எந்த மதத்துக் குழந்தைக்கும் காகித நட்சத்திரம் பழக்கமான பொருள். தசராவுக்குப் பொம்மை, நவம்பர் 1 கன்னட ராஜ்யோத்சவத்துக்குச் சிவப்பு-மஞ்சள் கொடி, அடுத்தது நட்சத்திரம் என்று காப்பகச் சுவருக்கு ஒரு பஞ்சாங்கமே உண்டு. ராஜ்யோத்சவத்தில் மிஞ்சிய சிவப்புக் காகிதம் தாத்தாவின் சட்டையாவது சகஜம்.

மூன்று வயதுக் குழந்தைக்கு வளைவாகக் கத்தரிக்க வராது. ஆனால் கை பதிக்க வரும். கிரகப்பிரவேசத்தில் மஞ்சள் தோய்த்த கையைச் சுவரில் பதிக்கும் வழக்கமுள்ள வீடுகளில் இது புதிதல்ல. தட்டில் பச்சை வண்ணத்தைக் குழைத்து, உள்ளங்கையைத் தோய்த்து, விரல்கள் கீழ்நோக்கி இருக்கும்படி பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அழுத்த வேண்டும். உலர்ந்ததும் பெரியவர்கள் சுற்றிலும் வெட்டி வைக்கலாம். 20 குழந்தைகளுக்கு 40 கைகள். அடிவரிசையில் 8, அதற்கு மேல் 7 என்று குறைத்துக்கொண்டே போனால் உச்சியில் ஒன்று நிற்கும். மரம் தயார். எந்தக் கையை எங்கே ஒட்டுவது என்பதைக் குழந்தையே சொல்லட்டும். மரம் கொஞ்சம் கோணலாகும், ஆகட்டும்.

இனி வண்ணம். இங்கேதான் கவனம் தேவை. பதித்த கை அடுத்த நிமிடம் வாய்க்குப் போகும். வண்ணங்களில் கலந்த காரீயம் எவ்வளவு கெடுதல் என்பதை நாட்டுக்கு எடுத்துச் சொன்னதில் பெங்களூருவுக்கு முக்கியப் பங்கு உண்டு. 1999-ல் இங்குள்ள ஜார்ஜ் அறக்கட்டளை வெளியிட்ட ஆய்வில், இந்திய நகரங்களில் பரிசோதித்த 12 வயதுக்குட்பட்டவர்களில் ஏறத்தாழ பாதிப் பேரின் ரத்தத்தில் காரீயம் அன்றைய அபாய எல்லையைத் தாண்டியிருந்தது. அந்தப் பணியில் முன்னின்றவர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் துப்பில் வெங்கடேஷ். காரீயம் கலந்த பெட்ரோல் 2000-ல் நிறுத்தப்பட்டது. வீட்டுப் பெயின்ட்டில் 90 பி.பி.எம்-முக்கு மேல் கூடாது என்ற விதி 2016-ல் அறிவிக்கப்பட்டு மறு ஆண்டு நவம்பரில் அமலானது. பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடல் நான்கைந்து மடங்கு காரீயத்தை உறிஞ்சும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எனவே கதவுக்கு அடித்து மிஞ்சிய எனாமல் டப்பாவைக் காப்பகத்துக்கு நன்கொடையாகத் தரும் தாராளம் வேண்டாம்.

சமையலறை வண்ணமே போதும். மைதா மாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சிய கஞ்சியில் பீட்ரூட் சாறு ஊற்றினால் சிவப்பு, அரைத்த பசலைக்கீரை சேர்த்தால் பச்சை. சில நாளில் வெளிறிவிடும் என்பது உண்மை. மரம் பழுத்த மாதிரி ஆகிவிடும். குழந்தைகள் அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. மஞ்சள் தூளில் மட்டும் எச்சரிக்கை: நிறத்துக்காக லெட் குரோமேட் கலப்பது கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. ஒட்டுவதற்கும் அதே மைதாப் பசைதான். பைண்டிங் கடைக்காரர்கள் பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் போடுவார்கள், அது விஷம். அன்றன்றைக்குக் காய்ச்சி மிச்சத்தைக் கொட்டிவிடுவதே நல்லது.

மணி, பொத்தான், குண்டூசி, வெடித்த பலூன் துணுக்கு எதுவும் கைக்கெட்டும் தூரத்தில் வேண்டாம். மூன்று செ.மீ-க்குச் சிறிய எதுவும் தொண்டையில் சிக்கலாம்.

நட்சத்திரத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. பல கூர்களோடு உள்ளே விளக்கெரியும் காகித நட்சத்திரம் மொராவியத் திருச்சபையைச் சேர்ந்தது. 19-ம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜெர்மனியில் அந்தச் சபையின் விடுதிப் பள்ளிகளில் பிறந்தது. நீஸ்கி பள்ளியில் வடிவகணிதப் பாடத்துக்காக அதைச் செய்யவைத்தார்களாம். ஹெர்ன்ஹூட் விடுதியில் தங்கியவர்களின் பெற்றோர் தூரதேசங்களில் மதப்பணியில் இருந்தார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்காவது ஞாயிறன்று பிள்ளைகள் நட்சத்திரம் செய்து தொங்கவிடுவார்கள். அம்மா அப்பா அருகில் இல்லாத குழந்தைகளின் கைவேலை அது. 25 கூர் காப்பகக் குழந்தைக்கு ஆகாது. ஐஸ் குச்சி மூன்றை முக்கோணமாக ஒட்டி, இன்னொரு முக்கோணத்தை அதன் மேல் தலைகீழாக வைத்தால் ஆறு கூர். குச்சிக்கு வண்ணமடிப்பது குழந்தை, ஒட்டுவது ஆயா. இந்த வேலைப் பிரிவினையில் தப்பில்லை.

ஒட்டியதைக் குழந்தையின் கண்மட்டத்தில், தரையிலிருந்து மூன்றடிக்குள் வையுங்கள். பெரும்பாலான காப்பகங்களில் அலங்காரம் ஐந்தடி உயரத்தில் இருக்கிறது. அது பெற்றோருக்கான உயரம். கை வைத்துக் கிழிப்பார்களே என்றால், கிழிப்பார்கள். பசை இருக்கிறது, இன்னொரு கை பதித்துக்கொள்ளலாம்.

ஜனவரி முதல் வாரத்தில் மரத்தைக் கழற்றும்போது ஒவ்வொரு கைத்தடத்தின் பின்னாலும் பெயரும் தேதியும் எழுதி அவரவர் பையில் போட்டு அனுப்பலாம். சங்கராந்திக்குக் கரும்பும் பட்டமும் ஒட்ட அந்தச் சுவர் வேண்டியிருக்கும்.